மலைக்கு இடப்பக்கம்

கெமியார்வியில் மைனஸ் இருபத்தெட்டு.
பனி தள்ளும் வண்டியைக் கொட்டகையில் விட்டு
வீடு வந்த யோவ்னி
காலுறையைக்கூடக் கழற்றாமல்
விளையாட்டுக்குள் குளிரை நிறுவுகிறான்.

யாரோ முகம் தெரியாதவர் செய்த மோட்.
ஈரத் துணியோடு கணவாய் ஏறினால்
விரல் கறுக்கும், வில் நழுவும்.
சுள்ளி பொறுக்கித் தீ மூட்ட வேண்டும்.
சுள்ளி நனைந்திருந்தால்
அன்றைய கதை அவ்வளவுதான்.

"வெளியே இருப்பது போதலையா உனக்கு?"
என்கிறாள் ஐலா.
"வெளியே ஹீட்டர் இருக்கு" என்கிறான்.

அவள் ஆட்டத்தில் ஓநாய்கள்
ஒரே தட்டில் படுத்துவிடும்.
அவளும் மோட் போட்டிருக்கிறாள்:
பன்னிரண்டு வகை ரொட்டி,
கூட்டுக்குத் திரும்பும் தேனீக்கள்,
முதல் காட்சியிலேயே சாக வேண்டிய சுங்கக்காரன் மனைவி
சாகாமல் கோழிக்குத் தீனி போடுகிறாள்.

ஒருமுறை சிரித்துவிட்டான்,
இதெல்லாம் ஒரு ஆட்டமா என்று.
"நாலாம் வார்டில் இன்னிக்கு மூணு பேர்.
அங்கே கடினநிலையைத் தேர்ந்தெடுத்தது யாருன்னு
எனக்குத் தெரியாது.
இங்கே நான்தான்."

அதற்குமேல் அவன் பேசவில்லை.
மோட்களின் வரிசையைச் சரிபார்க்கத் தொடங்கினான்.
நூற்று நாற்பத்து மூன்று, ஒன்றன்மேல் ஒன்று.
ஒன்று இடம் மாறினாலும்
டிராகன் வாலை முன்னால் நீட்டிப் பறக்கும்,
சுங்கக்காரன் இடுப்புவரை கல்லில் புதைந்தபடி
மரியாதையாய் வரி கேட்பான்.

எல்லாம் அடுத்தது வரும்வரைதான்.

ஏழு வருடங்களுக்கு முன்
நாற்பது நொடி காட்டினார்கள்:
ஒரு மலை, கொஞ்சம் மூடுபனி, ஒரு பெயர்.
அந்த மலையை அவன் கல் கல்லாய் அறிவான்.
வசந்தத்தில் என்றார்கள். பிறகு அடுத்த வசந்தத்தில்.
ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுப்பான், சரி.
அடுப்பு பற்ற வைத்தார்களா என்றே தெரியாதவன்
எதைப் பொறுப்பான்?

காத்திருப்புக்கு உரிய பொழுது மாலை என்பது
பழைய இலக்கணம்.
இங்கே டிசம்பரில்
நாள் முழுக்கவே மாலை.

வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை.
ஐலாவுக்கு இரவுப் பணி.
இரவெல்லாம் இறங்கியது,
நூற்றுப் பதினெட்டு ஜிபி,
தொண்ணூற்றேழு சதவீதத்தில் ஒரு மணிநேரம் நின்று
மீண்டும் நகர்ந்தது.

நாலரை மணிக்குத் திரை கேட்டது:
எளிது. நடுத்தரம். கடினம்.
பின்னால் அதே மலை.
இடப்பக்கம் ஒரு ஆறு.

ஆறு.
நாற்பது நொடியில் சட்டத்துக்கு வெளியே
இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
கோபம்தான் முதலில் வந்தது அவனுக்கு.
தான் கட்டிவைத்த பள்ளத்தாக்கில்
அந்த இடத்தில் ஒரு கோட்டை இருந்தது.

மோட் ஒன்றும் இல்லை இன்னும்.
எந்த வளைவில் ஓநாய் என்று
சொல்ல ஆளில்லை.
சுள்ளி நனையுமா, அதுவும் தெரியாது.

செல்பேசி அதிர்ந்தது:
புதுப்பனி இருபது சென்டிமீட்டர்,
வடக்குச் சாலை, உடனே.
அம்புக்குறியை 'கடினம்' மேல் அப்படியே விட்டு
பூட்ஸ் மாட்டினான்.

ஏழு மணிக்கு ஐலா வந்தாள்.
கோட்டோடு உட்கார்ந்தாள்.
அம்புக்குறியைத் தொடவில்லை.
ஆற்றின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினாள்.

வண்டியை ஓரங்கட்டி யோவ்னி அனுப்பினான்:
"தொடங்கிட்டியா?"
"இல்லை. இடப்பக்கம் ஒரு ஆறு இருக்கு."
"பார்த்தேன்."

வெகுநேரம் கழித்து அவள்:
"உள்ளே ரொட்டி எத்தனை வகை?"

முன்கண்ணாடியில் பனி நேராய் வந்து மோதுகிறது.
கையுறையைப் பல்லால் இழுத்து
அவன் தட்டுகிறான்:
"தெரியாது.
இன்னும் யாருக்குமே தெரியாது."